கையில் சுற்றாதே

முதல் நாள் அவள் நோட்டில் எழுதியது: 'குழாயை நானே மூடினேன்.'

இரண்டாம் நாள்: 'மூடிய குழாய் ஒழுகவில்லை.'

மூன்றாம் நாள் வேறொன்றும் தோன்றாமல், 'இன்றும் ஒழுகவில்லை' என்று எழுதினாள்.

நலப்பிரிவு மேடத்துக்கு அதிலிருந்த கிண்டல் பிடிபடவில்லை. பக்கத்தின் அடியில் பச்சை மையால் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து, 'அருமை! தொடருங்கள்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆன, நல்ல மனசுள்ள சின்னப் பெண். கஷ்டகாலத்தைத் தாண்டி வந்தவர்கள் தினமும் நன்றி சொல்ல ஏதாவது ஒன்றைத் தேடி எழுதினால் மனம் ஆறும் என்று எங்கோ படித்திருந்தாள். அந்தச் சலவைக் கூடத்தில் அப்படித் தாண்டி வந்த ஆள் என்று அவள் கையில் அகப்பட்டது நெட்டச்சி ஒருத்திதான்.

நான்கு மருத்துவமனைகளின், ஏழு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் தினமும் அங்கே அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். ஈர விரிப்பைக் காயவைத்துத் தேய்த்துத் தள்ளுவதற்கு ஒரு பெரிய சூட்டு உருளை உண்டு. அதற்கு அங்கே மாமியார் என்று பெயர். காரணம் கேட்காமல் சுடும். அதற்குள் ஒரு விரிப்பை விட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உதறி, விறைப்பாக இழுத்து, ஒரே நொடியில் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் சுருக்கம், பிந்தினால் கோணல்.

பதினோரு வருடம் நெட்டச்சிக்கு ஜோடியாக நின்றவள் குட்டையக்கா. நெட்டச்சியின் தோளுக்குத்தான் வருவாள், அவளைவிட ஆறு வயது மூத்தவள். "விளக்குமாத்தையும் முறத்தையும் ஜோடி சேத்த மாதிரி" என்பான் பாய்லர் அண்ணன். உயரம்தான் பொருந்தாதே தவிர கை பொருந்தும். குட்டையக்கா 'ம்' என்றால் நெட்டச்சியின் கை தானாக இளகும். அவர்கள் விட்ட விரிப்பில் சுருக்கம் தேடிக் கண்டுபிடிக்க ஒரு சூப்பர்வைசர் இன்னும் பிறக்கவில்லை.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கும். பெருமூச்சு விட்டாலும் நின்றுவிடுமோ என்று தோன்றும். நின்றால் மறுபடி சூடேறிச் சுற்ற ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தைச் சூப்பர்வைசர் ஆறு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவார். அதனால் வேலை குவிந்த நாள்களில் விரிப்பின் ஓரக் கிழிசலால் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவது அங்கே எல்லாரும் செய்கிற, யாரும் பார்க்காத காரியம். அந்த நேரங்களில் சூப்பர்வைசர் கவனமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் கம்பி அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. நெட்டச்சியின் மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு ஓட வேண்டும். மருத்துவமனை விரிப்புகள், தண்ணீர் சரியாகப் பிழியாமல் கனத்துக் கிடந்தன. வழுக்கிக்கொண்டே இருந்த மூலையை நெட்டச்சி இடது கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். அந்தக் கூடத்தில் சேர்கிற யாருக்கும் முதல் நாள் முதல் பாடம் அதுதான்: துணியைக் கையில் சுற்றக் கூடாது. கையில் பிடித்த துணியை விட்டுவிடலாம், சுற்றிய துணி நம்மை விடாது.

"கையில சுத்தாதடி..." என்று குட்டையக்கா கத்தியது அரை நொடி தாமதம்.

இரண்டு விரல்கள் போயின. மிச்சமிருந்த மூன்றும் புறங்கையும் வெந்தன.

மருத்துவமனையில் நான்காம் நாள் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்து கட்டிலருகே நின்றார். அவள் படுத்திருந்த விரிப்பு அவர்கள் கூடத்தில் தேய்த்ததுதான். ஓரத்தில் நீல நூல் அடையாளம் இருந்தது.

"கம்பியைத் தான்தான் கட்டினதா ஒத்துக்கிட்டா உன் ஜோடி. உனக்குத் தெரியாம கட்டினாளாம். அப்படித்தானே?"

அவள் அந்த நீல நூலைப் பார்த்தாள்.

"அடிபட்டவளே கட்டியிருந்தா வைத்தியம், வேலை எதுக்கும் கம்பெனி பொறுப்பில்ல. அடுத்தவங்க கட்டி உனக்கு அடிபட்டா எல்லாம் உண்டு. அதனாலதான் கேக்கறேன். அப்படித்தானே?"

கம்பியைக் கட்டியது நெட்டச்சி. "வேணாண்டி, இன்னைக்குத் துணி கனமா இருக்கு" என்று குட்டையக்கா சொல்லச் சொல்ல, "அரை மணி நேரந்தான்கா" என்று கட்டியது அவள்தான்.

அவள் தலையை அசைத்தாள். வலிக்காக அசைத்ததாகக்கூட வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சின்ன அசைவு. சூப்பர்வைசருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு தோல் ஒட்டினார்கள். ரப்பர் பந்தை நசுக்கச் சொன்னார்கள். வீட்டில் ரவிக்கைக் கொக்கியை அவள் கணவன் மாட்டிவிட்டான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற கை. ஒவ்வொரு கொக்கிக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். மகளுக்குப் பக்கத்து வீட்டில்தான் தலை பின்னல். ஏழாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பியபோது தலையணை உறை எண்ணும் மேஜையில் உட்காரவைத்தார்கள். அங்கே மின்விசிறிகூட உண்டு.

குட்டையக்காவை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்குத் தள்ளியிருந்தார்கள். மருத்துவமனை மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் தோய்ந்தவை தனி, வாந்தி தனி, மற்றவை தனி என்று உதறிப் பிரிக்கிற அறை. அவள் கோப்பில் ஒரு சிவப்புக் குறிப்பு ஏறியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். "பதினோரு வருஷம் கூடவே நின்னுட்டு இப்படிப் பண்ணிட்டாளே" என்பார்கள், அவள் காதில் விழும்படியே. நெட்டச்சியின் கணவன் ஒரு நாள் குட்டையக்கா வீட்டு வாசலிலேயே போய் நின்று தெருவே கூடும்படி கத்திவிட்டு வந்தான். இரண்டு வீட்டுக்கும் இடையில் நாலு தெருதான். நெட்டச்சி இந்த எட்டு மாதத்தில் அந்த நாலு தெருவைத் தாண்டவில்லை.

உதவி செய்தவர்கள்மேல் நமக்கு வரும் கோபம் விநோதமானது. யாராவது நம்மை அடித்தால் திருப்பி அடிக்கலாம், இல்லையென்றால் சபித்துவிட்டுத் தூங்கலாம். கேட்காமலே நம்மைக் காப்பாற்றியவரை என்ன செய்வது? குட்டையக்காவின் குள்ள உருவம் முற்றத்தில் தெரிந்தாலே நெட்டச்சி எண்ணிக்கொண்டிருந்த உறையின் கணக்கு தவறும். 'நான் கேட்டேனா உன்னை?' என்று மனசுக்குள் கத்துவாள். கத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாள்.

நோட்டு விஷயம் இதற்கிடையில் அவளை அறியாமலே மாறிப்போயிருந்தது. கிண்டலாக ஆரம்பித்தவளுக்குத் தினமும் மேடம் வாங்கிப் பார்ப்பதால் ஏதாவது எழுதியாக வேண்டியிருந்தது. தேடத் தேடக் கிடைத்தது.

'ஊறுகாய் பாட்டில் மூடி. மூன்றாவது முயற்சியில்.'

'மகளுக்கு இரட்டைப் பின்னல். ஒன்று கோணல். கண்ணாடி பார்க்காமல் பள்ளிக்கூடம் போனாள். பார்க்காததுபோல் நடித்தாள் என்று நினைக்கிறேன்.'

'கொக்கியை நானே மாட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.'

எழுதும்போது சிரிப்பு வந்தது. எழுதியதைப் படிக்கும்போது சில நாள் நோட்டைச் சட்டென்று மூடிவிடுவாள். எல்லாம் நிஜம். பொய்யாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த நோட்டு முழுவதுமே இன்னொருத்தி சொன்ன ஒரே பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒட்டிய தோல், காத்திருந்த வேலை, மின்விசிறி எல்லாமே. ஐம்பத்திரண்டு பக்கத்தில் அந்த இன்னொருத்தியைப் பற்றி மட்டும் ஒரு எழுத்தும் இல்லை.

அந்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அழுக்குத் துணி அறையை வெளி ஆள்களிடம் விடப்போகிறார்கள். கோப்பில் சிவப்புக் குறிப்பு உள்ளவர்களை முதலில் நிறுத்துவார்கள். அப்படி இருந்தது ஒரே ஒரு ஆள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்.

அதே நாள் மத்தியானம் மேடம் துள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமை காலைல நன்றிக் கூட்டம். மேலாளர் வர்றார். நீங்க உங்க நோட்டைப் படிக்கறீங்க."

"நானா? எனக்கு மைக்கைப் பாத்தாலே வேர்க்கும்மா."

"வேர்த்தா பரவால்ல. உங்களைப் பாத்து நாலு பேருக்குத் தைரியம் வரும். கடைசியா கம்பெனிக்கு ஒரு வரி நன்றி சொல்லிடுங்க, போதும்."

"எல்லாரும் வருவாங்களா?"

"எல்லாரும்தான். மெஷினையே நிறுத்தறோம்."

"அழுக்கு ரூம்ல இருக்கறவங்களும்?"

மேடத்தின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "அவங்க வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாக்கா? வேணும்னா..."

"இல்லம்மா. வரட்டும்."

வியாழன் மாலை கணவன் நோட்டை மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெருமை. மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இதுல குட்டைப் பெரியம்மா வரவே இல்லையே?"

"அவ எதுக்கு வரணும்? விரலை எடுத்துக்கிட்டதுக்கு நன்றியா?" என்றான் அவன்.

நெட்டச்சி வலது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இடக்கைக்காரி. வலது கையால் நறுக்கும் வெங்காயம் இன்னும் ஒழுங்காக வரவில்லை. "அந்தக் கம்பியை நானே கட்டியிருந்தா?" என்றாள், பலகையைப் பார்த்தபடி.

நோட்டைப் புரட்டிய கை நின்றது.

"அப்படியெல்லாம் பேசாத."

"இருந்தா?"

"பேசாதன்னு சொல்றேன்ல! நான் அவ வாசல்ல போய் நின்னு கத்திட்டு வந்திருக்கேன். அவ புருஷன் செத்து மூணு வருஷம்னுகூடப் பாக்காம கத்தியிருக்கேன்." நோட்டை மூடி அலமாரிமேல் வைத்தான். பிறகு ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், ஒழுகாத குழாயை மறுபடியும் இறுக்கி மூடினான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாமியாரை நிறுத்தியிருந்தார்கள். சத்தமில்லாத கூடம் யாரோ செத்த வீடுபோல இருந்தது. சுவரில் மாட்டிய அட்டையில் பச்சை மையில் பெரிதாக ஒரு சிரிக்கும் முகம். முன்வரிசையில் மேலாளர். கடைசியில், கதவையொட்டி, ரப்பர் உறையைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தாள் குட்டையக்கா. அவளைச் சுற்றி மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை.

நெட்டச்சி படிக்க ஆரம்பித்தாள். குழாய்க்கு எல்லாரும் சிரித்தார்கள். ஊறுகாய் மூடிக்குக் கை தட்டினார்கள். இரட்டைப் பின்னலுக்கு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொக்கியில் பாய்லர் அண்ணன் "ஏமாற்றம்தான் இருக்கும்" என்று முணுமுணுக்க அந்த வரிசையே குலுங்கியது. படித்து முடித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கம்பெனிக்கான ஒரு வரியை மேடமே எழுதிவைத்திருந்தாள். அதை அவள் படிக்கவில்லை.

"இதுல இருக்கறதெல்லாம் நிஜம். ஆனா ஒண்ணு எழுதாம விட்டுட்டேன்." நோட்டை மூடினாள். "அன்னைக்குக் கம்பியைக் கட்டினது நான். அக்கா வேணாம்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. எனக்கு வைத்தியம் கிடைக்கணும்னு அவங்க பழியை எடுத்துக்கிட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

மேலாளர் எழுந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. அவள் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? இதுதான் பெரிய மனசு. தன் விரலையே எடுத்தவங்களுக்கு வேலை போகக் கூடாதுன்னு பழியைத் தன்மேல போட்டுக்கறாங்க. இந்த மாதிரி ஒருத்தர் நம்ம கம்பெனியில இருக்கறதுக்கு நாமதான் நன்றி சொல்லணும்."

கூடம் முழுவதும் கைதட்டியது.

நெட்டச்சி உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர்கள் அதை எடுத்துக் கழுவித் தேய்த்து மடித்து அவள் கையிலேயே ஒரு புண்ணியமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். வேலையும் இருக்கும், பேரும் இருக்கும். "இல்ல சார், நிஜமாவே நான்தான்" என்று அவள் சொன்னது மைக் இல்லாததால் கைதட்டலுக்குள் கரைந்துபோயிற்று.

"பெரிய மனசெல்லாம் கிடையாது சார்" என்று ஒரு குரல் கேட்டது. பாய்லர் அண்ணன் எழுந்து நின்றிருந்தான். "அன்னைக்குக் கம்பியிலேர்ந்து கிழிசலை அவுத்தவன் நான். இடக்கை முடிச்சு. எதிர்ப்பக்கமா திரும்பியிருந்துது. இங்க இடக்கைக்காரி இவ ஒருத்திதான். இவ கட்டின மூட்டைய அவுக்கவே நாங்க இவளைத்தான் கூப்பிடுவோம்."

கைதட்டல் ஓரத்திலிருந்து ஓய்ந்துகொண்டு வந்தது.

"தெரிஞ்சுமா இத்தனை நாள் சும்மா இருந்தே?" என்றார் சூப்பர்வைசர்.

"விரல் போனவளே பேசல. நான் எதுக்குப் பேசணும்?" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மட்டும் முடிச்சைப் பாக்கலையாக்கும்" என்றான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எட்டு மாதமாகப் பெஞ்சைக் காலி செய்தவர்கள் தங்கள் கைகளை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் மைக்கை அணைத்துவிட்டு, திங்கள்கிழமை இருவரும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றார். இயந்திரத்தைப் போடச் சொன்னார். மேடம் சுவரில் இருந்த சிரிக்கும் முகத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

கதவருகே குட்டையக்கா இல்லை.

அழுக்குத் துணி அறையில் அவள் ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நெட்டச்சி வாசலில் போய் நின்றாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. எட்டு மாதமாக இதற்குள்தான் அவள் நின்றிருக்கிறாள்.

"அக்கா."

குட்டையக்கா நிமிரவில்லை. "முடிஞ்சுதா உன் பிரசங்கம்?"

"உங்களுக்கு வேலை போகக் கூடாதுன்னுதான்கா..."

"இப்ப ரெண்டு பேருக்கும் போகும். சந்தோஷமா?" ஒரு விரிப்பை இழுத்து எறிந்தாள். "நான் ஒரு பொய் சொன்னேன். அதுக்காக எட்டு மாசம் நாய் மாதிரி தனியா உக்காந்து தின்னேன். சரி, இவ கையாவது கொஞ்சம் நல்லாச்சே, அந்தப் பொண்ணுக்கு அம்மாவாவது இருக்காளேன்னு நினைச்சுக்குவேன். எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் மைக்கைப் பிடிச்சு ஒடைச்சுட்டு வந்து நிக்கற."

"நன்றி சொல்லணும்னுதான்..."

"நன்றியா?" இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "நாலு தெருடி. நாலே நாலு தெரு. உன் புருஷன் வந்து கத்தினான் பாரு, அன்னைக்கு ராத்திரி நீ வருவேன்னு கதவைத் தாப்பா போடாம வெச்சிருந்தேன். நோட்டுல எழுதிப் படிக்க வேணாம். வந்து வாசல்ல நின்னிருந்தா போதும்."

பயமாக இருந்தது என்று நெட்டச்சி சொல்லலாம். வெட்கமாக இருந்தது என்று சொல்லலாம். உங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். அது இன்னொரு பிரசங்கமாகிவிடும் போலத் தோன்றியது.

"போ. உன் மின்விசிறிக்குக் கீழ போய் உக்காரு" என்றாள் குட்டையக்கா.

அவள் போகவில்லை. குட்டையக்கா அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையைப் பிடித்துத் தனியாக உதறினாள். உதற வேண்டிய நீளம் அவள் உயரத்தைப்போல இரண்டு பங்கு. பாதி தரையில் புரண்டது. மறுபடி தூக்கினாள். எட்டு மாதமாக இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்திருக்கிறாள்.

நெட்டச்சி உள்ளே போய், தரையில் கிடந்த மறு முனையை எடுத்தாள்.

குட்டையக்காவிடமிருந்து பழைய 'ம்' வரவில்லை. வெடுக்கென்று உதறினாள். மூன்று விரல் பிடியிலிருந்து துணி நழுவி விழுந்தது. நெட்டச்சி குனிந்து எடுத்தாள். மறுபடி உதறல், மறுபடி நழுவல். குட்டையக்கா வேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. நாலாவது விரிப்பு தண்ணீரில் ஊறிக் கனமாக இருந்தது. இந்தத் தடவை விடக் கூடாது என்று நெட்டச்சி மூலையை இடது கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"கையில சுத்தாதடி!"

அறையே அதிர்ந்தது. அங்கே எந்த இயந்திரமும் இல்லை. நாலு சுவர், ஒரு ஜன்னல், அழுக்குத் துணி, அவ்வளவுதான். கையில் எத்தனை சுற்று சுற்றினாலும் இழுத்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடம். அது குட்டையக்காவுக்கும் தெரியும். கத்திய வாயை மூட மறந்து, விரிப்பின் மறுமுனையில், இரண்டு கையாலும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெட்டச்சி மெதுவாகச் சுற்றைப் பிரித்தாள். மூன்று விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் துணியை மடித்துப் பிடித்தாள்.

"இழுங்கக்கா" என்றாள்.

குட்டையக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். வெந்து, தோல் ஒட்டிய பிறகு இன்றுதான் அதைக் கிட்டத்தில் பார்க்கிறாள். பிறகு, முன்னைவிட ஒரு இம்மி மெதுவாக, இழுத்தாள்.